நான்காவது வரியில் ஒரு டிக்

என் நாட்குறிப்பில் அந்தப் புதன்கிழமைக்கு எட்டு வரிகள் இருக்கின்றன. எல்லா நாளுக்கும் எட்டு வரிதான். எழுந்த நேரம், வெயிலா மேகமா, என்ன சமையல், எந்த பஸ், அலுவலகத்தில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எத்தனை மணிக்குப் படுத்தேன். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஆனால் யாருக்கும் தெலுங்கு எழுதத் தெரியாது. அதனால் நாட்குறிப்பு தமிழில்.

அன்றைய ஐந்தாவது வரி இப்படி இருக்கிறது: ‘பத்து பதினொன்றுக்கு நிறுவல் தொடங்கியது. பத்து பதினான்குக்கு முடிந்தது.’ இரண்டும் சரியான நேரங்கள். அந்த எட்டு வரிகளில் பொய் எதுவும் இல்லை. பொய் வேறொரு தாளில் இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் எனக்கு வேலை. பெயருக்கு அலுவலக மேலாளர். நான் ஒருத்திதான் அலுவலகம் என்பதால் கடிதம் எழுதுவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, கம்ப்யூட்டர் பார்ப்பது எல்லாம் என்னிடம். சங்கம் ஒழுங்காகச் செய்துவந்த காரியம் ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் முப்பத்தோரு கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளப்போம். அமாவாசையன்று எங்கள் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள், மண்வெட்டியும் எடுக்க மாட்டார்கள். கை சும்மா இருக்கும் நாள் அதுதான் என்பதால் அமாவாசைக்கு அமாவாசை அளப்பது என்று வைத்துக்கொண்டோம். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். கிணற்றின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி, எனக்குப் போன் செய்து சொல்வார்கள். நான் ஒரு சீட்டில் எழுதிக் கம்பியில் குத்துவேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒன்பது வருடம் இப்படி நடந்தது.

சீட்டுகளை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருடக் கடைசியில் ஒவ்வொரு சீட்டையும் திரையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பேன். சரியாக இருந்தால் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கோடு விழுந்ததும் கட்டாகக் கட்டி, போகியன்று காலையில் அலுவலக வாசலில் மற்ற குப்பையோடு எரித்துவிடுவேன். ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பது எனக்குப் பிடிக்காது. என்றாவது இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும், எதை நம்புவது என்று தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். எட்டு போகிகளில் எட்டுக் கட்டுகளை என் கையால் எரித்தேன். எரித்த பிறகு மேஜை சுத்தமாக இருக்கும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு ஓடைக்கரையில் இருக்கும் கிணறு எங்கள் பட்டியலில் பதினேழாவது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அந்தக் கரையை ஒட்டிய நாலைந்து கிணறுகளில் மட்டும் வாயில் வைக்கிற தண்ணீர். பதினேழாவது கிணற்றுக்குச் சொந்தக்காரியை நான் அக்கா என்பேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன, மகன் திருப்பூரில். ஒன்றரை ஏக்கர் மிளகாயும் கத்திரியும் அந்தக் கிணற்றை நம்பித்தான். ஒன்பது வருடத்தில் ஒரு அமாவாசைகூட அவர் போன் தவறியதில்லை. காலை ஆறரைக்கே வந்துவிடும். “தங்கச்சி, முப்பத்தி நாலு. எழுதிக்கோ” என்பார். வைத்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் தண்ணீர் பாட்டில் அடைக்கும் கம்பெனி ஒன்று வந்தது. ஆழ்துளைக் கிணறு மூன்று போட்டார்கள். அதன் பிறகு அக்கா சொல்லும் எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பத்திரண்டு. கிணற்றின் ஆழமே அறுபத்திரண்டு அடி. அக்கா கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். பல மனுவுக்குப் பிறகு ஒரு விசாரணை தேதி கிடைத்தது, செவ்வாய்க்கிழமை. கம்பெனி வருவதற்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டம் மாதவாரியாக எழுத்தில் இருந்தால் கொண்டுவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அப்படி ஒரு பதிவு இந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. மழைக்காலத்தை மழைக்காலத்தோடும் கோடையைக் கோடையோடும் வைத்துக் காட்டினால் கம்பெனியின் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியும். அக்காவுக்கு வேறு வழி இல்லை.

பதிவு இருந்தது. அதைக் காகிதத்தில் எடுப்பதுதான் சிக்கல். கம்ப்யூட்டரில் அளவுகளை ஏற்றும் எங்கள் நிரலை எழுதிக் கொடுத்தவர் பாலவனத்தத்துக்காரர், இப்போது பெங்களூரில் வேலை, நான் தம்பி என்பேன். சங்கத்துக்காகச் சும்மா செய்து கொடுத்தது. அலுவலகத்தில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை சர்வராக வைத்து அதில் ஓடவிட்டிருந்தார். உறுப்பினர்கள் தங்கள் போனில் திறந்து பார்க்கலாம். ஆனால் திரையில் கடைசிப் பன்னிரண்டு மாதம் மட்டும்தான் தெரியும். முழுவதையும் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அதற்கென்று நிரலில் ஒரு பகுதியைச் சேர்த்து, புதிய பதிப்பை நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அனுப்பினார்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்த கோப்பு. ஓடவிட்டால் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்துகொண்டே போகும். எங்கே நின்று கேட்கச் சொல்லி எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும் கேட்கும். பதில் சொன்னால் மேலே போகும். எனக்கு அது முதலிலிருந்தே பிடித்திருந்தது. எழுதியதைத் தவிர எதையும் செய்யாத ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதைத் தம்பி போனில் சொல்ல, நான் ஒரு தாளில் ஆறு வரிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துவது ஒன்று. பதிவுகள் இருக்கும் கோப்புறையை ஒரே கோப்பாகக் கட்டுவது இரண்டு. அதைப் பென் டிரைவில் எடுப்பது மூன்று. அந்தப் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, கட்டைப் பிரித்து, உள்ளே எண்கள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது நான்கு. ஸ்கிரிப்டை ஓடவிடுவது ஐந்து. பென் டிரைவில் உள்ளதைத் திரும்பப் பிரித்து வைப்பது ஆறு.

“அஞ்சாவதுல ஒரு கேள்வி கேக்கும் அக்கா. பழைய டேட்டாவ அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு. அதுக்கு ஒய்னு அடிக்கணும். பயப்படாதீங்க, அதான் பென் டிரைவுல இருக்குமே” என்றார்.

எப்போது செய்வது என்பதைச் சங்கத் தலைவர் முடிவு செய்தார். எழுபதைத் தாண்டியவர், பந்தல்குடிப் பக்கம் நிலம். சங்கத்தில் புதிதாக ஒரு ஆணி அடிப்பதென்றாலும் காலண்டரைத் திருப்பிப் பார்ப்பார். “வியாழக்கெழம அஷ்டமி. வெள்ளி நவமி. சனிக்கெழம எதையும் தொடங்கக் கூடாது. ஞாயித்துக்கெழம நீ வரமாட்ட. திங்கக்கெழமன்னா ஒரு நாள்தான் மிச்சம், ஏதும் கோளாறுன்னா என்ன செய்ய? புதன்கெழம ஒம்பதே காலுல இருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம் கெடக்கு. அதுக்குள்ள தொடங்கிரும்மா” என்றார். விசாரணை செவ்வாய்க்கிழமையில் விழுந்ததை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு மணி நேரம் எனக்குத் தாராளம். ஆறு வரிகளுக்கும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம் என்று கணக்கிட்டிருந்தேன்.

புதன்கிழமை எட்டு ஐம்பதுக்குக் கரண்ட் போனது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு வந்தது.

தலைவர் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் வெள்ளைத் துண்டால் விசிறிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானிட்டருக்கு நெற்றி மாதிரி மேலே விபூதியும் குங்குமமும் வைத்திருந்தார். கற்பூரத்தை மட்டும் வாசலில் வைத்துக் கொளுத்தச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

சர்வர் எழுந்து நிற்க ஐந்து நிமிடம். முதல் வரி முடிந்தது, டிக். இரண்டாவது, கட்டுவது. கட்டளையை அடித்தேன். இரண்டு வினாடியில் முடிந்துவிட்டது. ஒன்பது வருடம், முப்பத்தோரு கிணறு, இரண்டு வினாடி. கொஞ்சம் யோசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி புது டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டு, இனிமேல் எல்லாம் பறக்கும் என்று சொல்லியிருந்தார். அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். டிக். பென் டிரைவ், டிக். மணி பத்து நான்கு.

நான்காவதுக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். அது மூலை மேஜையில் இருக்கும் பழைய பெட்டி. கரண்ட் திடீரென்று போனதால் அது எழுந்திருக்கும்போது தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் சதவீதம் ஓடியது. ஆறு, ஏழு, ஏழு, எட்டு. பத்து ஒன்பதுக்குப் பதினான்கு சதவீதத்தில் நின்றது.

“என்னம்மா, அது என்ன நொண்டுது?”

“சோதிக்குது ஐயா. அது முடிஞ்சாத்தான் பென் டிரைவப் பாக்கலாம்.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிசம் ஆகலாம்.”

“பத்தே காலு முடிஞ்சா காலையில வேற நேரமில்ல. சாயங்காலம் இருக்கு, சாயங்காலம் கரண்டு நிக்கும்னு நீ எழுதித் தாரியா? அந்தப் பொம்பளைக்கு நல்லபடியா அமையணும்னுதான நாள் பாத்தது. இப்பவே விட்டுப்புட்டு அப்புறம் அது நடக்கலன்னா யாரு பதில் சொல்றது?”

அவர் சத்தம் போடவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். பெங்களூர்த் தம்பி போனில், ஸ்பீக்கரில் இருந்தார்.

“அக்கா, வேற கம்ப்யூட்டர்ல பிரிச்சுப் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் தம்பி.”

“நம்பரெல்லாம் தெரியுதுல்ல?”

“தெரியுது.”

“அப்ப ஓட விடுங்க. நான் ஒரு மீட்டிங்குல இருக்கேன், கொஞ்ச நேரம் மியூட்ல போட்டுக்கிறேன்.”

நான்காவது கட்டத்தில் டிக் போட்டேன். செய்யாத ஒன்றுக்கு நேரே நான் டிக் போட்டது அதுதான் முதல் தடவை. பேனா அழுத்தமாகவே பதிந்திருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தாலும் மற்ற டிக்குகளுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக மேலே ஏறின. நடுவில் நின்று கேள்வி கேட்டது. ஒய் எழுத்தை அடித்தேன். மறுபடி வரிசையாக ஓடியது. கடைசியில் பச்சை நிறத்தில், நிறுவல் வெற்றி என்று வந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தே காலுக்கு ஒரு நிமிசம் இருக்கு” என்று சொல்லி, கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். பொரிகடலையும் நாட்டுச் சர்க்கரையும். ஒரு கை எனக்கு, ஒரு சிட்டிகை கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தில்.

கையைத் துடைத்துக்கொண்டு ஆறாவது வரிக்கு வந்தேன். பென் டிரைவில் இருந்த கட்டைப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தது.

தம்பி மீட்டிங் முடிந்து வரும்வரை நான் எதையும் தொடவில்லை. அவர் கேட்டார், “அக்கா, அந்தக் கோப்பு எத்தன எம்பி காட்டுது?”

“எம்பி இல்ல தம்பி. நூத்தி முப்பது பைட்டு.”

அவர் அந்த எண்ணைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

“பிரிச்சுப் பாத்தேன்னீங்களே.”

“பாக்கல.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. புது டிஸ்க் போட்டபோது பதிவுகளையெல்லாம் அதற்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு இணைப்பை மட்டும் வைத்திருக்கிறார். வீடு மாறிப் போகிறவர்கள் பழைய வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகும் முகவரிச் சீட்டு மாதிரி. நிரல் அந்தச் சீட்டைப் பார்த்துச் சரியான வீட்டுக்குப் போய்விடும். கட்டும் கட்டளை போகாது, சீட்டை மட்டும் கட்டிக் கொடுத்துவிடும். நான் பென் டிரைவில் எடுத்தது முகவரியை. ஸ்கிரிப்ட் அந்த முகவரிக்குப் போய் வீட்டைக் காலி செய்துவிட்டது. நான் சரி என்று சொன்ன பிறகு.

“இத ஒங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு அக்கா. மறந்தே போச்சு” என்றார்.

அவர் தப்பு இருக்கலாம். ஆனால் இப்படி ஏதாவது மறந்து போயிருக்கும் என்பதற்காகத்தான் நான்காவது வரியையே அவர் எழுதச் சொன்னார்.

தலைவரிடம் சொன்னேன். பொரிகடலைக் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார். “நேரம் நல்ல நேரந்தாம்மா. அதுல ஒரு குத்தமும் இல்ல. கை வச்சவுகதான் பாத்து வச்சிருக்கணும்” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அவரிடம் எனக்கு வந்த கோபம் சீக்கிரமே போய்விட்டது. அவர் சொன்னதில் இரண்டாவது பாதி உண்மை.

மறுநாள் டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி, மதுரைக்கு எடுத்துப் போனேன். அழிந்ததை மீட்டுத் தரும் ஆள் ஒருவர் மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். டிஸ்கைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார்.

“இது பழைய சுத்துற டிஸ்க்கா இருந்தா தோண்டிப் பாக்கலாம் மேடம். இது சிப்பு. அழின்னு சொன்னா உள்ள தொடச்சு வச்சிரும், அடுத்தவனுக்கு எடம் தயாரா இருக்கட்டும்னு.”

“ஒரு கிணத்தோட கணக்கு மட்டும் கெடச்சாப் போதும். நூத்திச் சொச்சம் நம்பர்தான்.”

“ஒரு நம்பரும் இல்ல, நூறு நம்பரும் இல்ல. நீங்க வேணும்னா ரெண்டு மணி நேரம் உக்காருங்க, போட்டுக் காட்டுறேன். என்னாலதான் முடியலன்னு நெனச்சுக்கிட்டுப் போயிறக் கூடாதுல்ல.”

உட்கார்ந்தேன். போட்டுக் காட்டினார். திரை முழுக்கச் சைபர். வரிசை வரிசையாகச் சைபர். கீழே போகப் போக அதுதான். அவர் நிறுத்தட்டுமா என்று கேட்டபோதும் நான் கடைசி வரை போகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பரளச்சிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே கரிசல் வெடித்துக் கிடந்த பாதையில் இருபத்தைந்து நிமிடம் நடை. அக்கா கிணற்றுக்குள் இறங்கி, அடியில் தேங்கியிருந்ததை வாளியில் மொண்டு மேலே கொண்டுவந்து கத்திரிக்குச் செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார். மிளகாயைக் கைவிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் மோட்டார் ஓடுகிற சத்தம் பேச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது.

“என்ன தங்கச்சி, வெயில்ல நடந்தா வார? போன் பண்ணியிருந்தா செவ்வாக்கெழம நானே டவுனுக்கு வந்து வாங்கியிருப்பேன்ல. பேப்பரு கொண்டாந்தியா?”

“பேப்பர் இல்லக்கா.”

சொன்னேன். தாளில் இருந்த ஆறு வரிகளையும் சொன்னேன், நான்காவதைச் செய்யாமலே செய்தேன் என்று சொன்னதையும். அவருக்கு இணைப்பு, கட்டு, டிஸ்க் எதுவும் புரியவில்லை. புரிய வேண்டியது புரிந்தது.

“அப்ப கம்ப்யூட்டரு போச்சு. நீ சீட்டுல எழுதுவியே, நான் சொல்லச் சொல்ல?”

“ஒவ்வொரு போகிக்கும் எரிச்சிட்டேன்.”

“ஒங் கையாலயா?”

“ஆமாக்கா. இந்த வருசத்துச் சீட்டு அஞ்சு மட்டும் இருக்கு.”

வாளியைக் கீழே வைத்தார். வரப்பில் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணுகூட ஞாபகமில்ல தங்கச்சி. எண்ணுவேன், ஒனக்குச் சொல்லுவேன், போன வச்சதும் மறந்துருவேன். அதான் நீ வச்சிருக்கியேன்னு” என்றார். அதற்குப் பிறகு மோட்டார் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி படியில் இறங்கினார். “குடிச்சிட்டுப் போறியா” என்று உள்ளேயிருந்து கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே இருந்த தண்ணீரில் எனக்கு ஒரு செம்பு கேட்க வாய் வரவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்பது வருடம், ஒன்பது புத்தகம். அமாவாசை நாட்களை மட்டும் பார்த்தால் போதாது என்று எல்லா நாளையும் படித்தேன். எந்தெந்த நாள் சாம்பார் வைத்தேன் என்று இருக்கிறது. பாலவனத்தம் பஸ் எந்தெந்த நாள் தாமதம் என்று இருக்கிறது. பதினேழாவது கிணற்றின் அளவு நான்கே இடங்களில் இருந்தது. ‘பரளச்சி அக்கா கிணறு பதினொரு அடிக்கு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே சொன்னார்.’ ‘அக்கா கிணறு ஒன்பது அடி, மேல் படி முங்கிவிட்டதாம்.’ இப்படி. நான்கும் கம்பெனி வருவதற்கு முந்தைய வருடங்கள். மூன்று, ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஒன்று மார்கழி.

அளவுகளைத்தான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறதே என்று நாட்குறிப்பில் எழுதாமல் விட்டிருக்கிறேன். கிணறு நிறைந்து, அக்கா சந்தோஷமாகப் பேசிய நாட்களில் மட்டும் எண் தானாக வந்து விழுந்திருக்கிறது.

அந்த நான்கும் கையிலிருந்த ஐந்து சீட்டும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டேன். ஒன்பது வரி. போட்டு முடிக்கும்போதே அதில் என்ன குறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான்கு பிரதி எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தார். அதிகாரி பொறுமையான மனிதர். இரண்டு பக்கத்தையும் உட்காரச் சொல்லிக் கேட்டார். கம்பெனி சார்பில் வந்த பொறியாளரிடம் சுருள் கம்பி போட்ட அறிக்கை இருந்தது. மாதாமாதம் அவர்களே எடுத்த அளவுகள், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து. அதற்கு முந்தையது அவர்களிடம் இல்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை. அவர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பணிவாகவே சொன்னார்.

“சார், இவுங்க பழைய அளவுன்னு கொடுத்திருக்கிறது நாலும் அடைமழைக் காலம். புதுசுன்னு கொடுத்திருக்கிறது அஞ்சும் தையில இருந்து வைகாசி. கம்பெனியே இல்லாட்டியும் இது இப்படித்தான இருக்கும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கதான் பதிவு வச்சிருந்தீங்களா? அவர் சொல்றதுக்கு என்ன சொல்றீங்க?”

“அவர் சொல்றது சரிதான் சார்” என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுப் பதிவும் இருந்தது சார், என் தவறால் போய்விட்டது என்றும் சொன்னேன். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். இல்லாத பதிவை வைத்து அவர் என்ன செய்ய முடியும்? போதிய ஆதாரமில்லை என்று முடித்து, இனிமேல் ஒழுங்காக அளவு வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்து வேண்டுமானால் மறுபடி வரலாம் என்றார்.

“மூணு வருசமா” என்றார் அக்கா. கேள்வியாக இல்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, “நீ ஆமான்னு சொல்லாட்டியும் அந்தாளு அப்படித்தான் எழுதியிருப்பாரு, விடு” என்றார். என் மனம் ஆறட்டும் என்று சொன்னாரா, இனி பேச வேண்டாம் என்று சொன்னாரா, தெரியவில்லை. திருச்சுழி பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

இரண்டு நாளில் ஆனி அமாவாசை. காலை ஆறரைக்குப் போன் வந்தது. வராது என்று நினைத்திருந்தேன்.

“அறுபத்தி ரெண்டு. கல்லு தரையில தட்டிருச்சு. எழுதிக்கோ.”

புதிய பதிப்பு நன்றாக வேலை செய்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினேழாவது கிணறு என்று தேர்ந்தெடுத்து அறுபத்திரண்டு என்று ஏற்றினேன். உடனே வரைபடம் வந்தது. எத்தனை வருடம் வேண்டுமானாலும் காட்டும், அச்சும் எடுக்கும். ஒரு புள்ளி, கட்டத்தின் அடிக்கோட்டில் ஒட்டிக்கொண்டு. அதற்கு இடது பக்கம் வெறும் வெள்ளை. அந்தக் கிணற்றில் என்றாவது தண்ணீர் இருந்தது என்பதற்கு அந்தத் திரையில் எந்த அடையாளமும் இல்லை. சீட்டை எரிக்கவில்லை. இப்போது இரண்டு நோட்டில் எழுதுகிறேன், ஒன்று வீட்டில். எதற்கு என்று யாராவது கேட்டால் பழக்கம் என்பேன்.

ஆடி அமாவாசையன்று போன் வரவில்லை. எட்டு மணி வரை பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒரு மணிக்கு அவராகவே கூப்பிட்டார். பின்னால் இயந்திரச் சத்தமும் பெண்கள் பேசிக்கொள்ளும் சத்தமும் கேட்டன.

“கம்பெனில இருக்கேன் தங்கச்சி. பாட்டிலுக்கு லேபிளு ஒட்டுறேன். போன மாசம் கடைசியில இருந்து வாரேன்.”

“சொல்லவே இல்லையேக்கா.”

“என்னத்தச் சொல்ல. இப்பத்தான் சோத்துக்கு விட்டாக.”

“இன்னைக்கு ஆடி அமாவாசையாச்சே.”

“அதத்தான் நானும் கேட்டேன். வீட்டுக்காரருக்குப் படைக்கணும், அரை நாளு விடுங்கன்னு. அமாவாசைக்கெல்லாம் லீவு கெடையாதாம். வெளியூருக்கு லோடு போகணுமாம். சாப்பிட ஒக்காந்தா ஆளுக்கு ஒரு பாட்டிலு குடுக்குறாக, குடிக்க. நல்லாத்தான் இருக்கு.” பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “கிணத்த அளக்கலத்தா. நீ வேற ஆளு பாத்துக்கோ. மணி அடிச்சிருச்சு, வக்கிறேன்.”

வேறு ஆள் யாரும் அந்தப் பக்கம் இல்லை.

புதிய நிரலில் அளவு வராத மாதத்தை வெறுமனே விட முடியாது. காரணம் கேட்கும். நான்கு காரணங்கள் பட்டியலாக இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மழை, கயிறு பழுது, கிணறு மூடப்பட்டது, ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஆள் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சேமிக்கவா என்று கேட்டது.